நான்காம் பாடத்தைத் தாண்டிப் போக வேண்டாம்

எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. மூடியில் நீளமாக ஒரு துளை போட்டு, அதைக் கேள்விப் பெட்டியாக வைத்திருக்கிறேன். பெயர் எழுத வேண்டியதில்லை. மலாயிலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். ஆண்டின் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும் அந்த டின், படிவம் 1 அறிவியலின் நான்காம் பாடமான இனப்பெருக்கம் தொடங்கும் வாரத்தில் மட்டும் நிரம்பிவிடும்.

பெரும்பாலும் சிரிப்பு வரவழைக்கும் கேள்விகள்தாம். "மாதவிடாய் நேரத்தில் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப் போகுமா?" என்று ஒருவர் கேட்டிருப்பார். "இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே கைரேகையா?" என்று இன்னொருவர் கேட்டிருப்பார். ஆனால் சில காலத்துக்கு முன் வந்த ஒரு சீட்டைப் படித்துவிட்டு என்னால் சிரிக்க முடியவில்லை. யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே தருகிறேன்.

"டீச்சர், தம்பி பொறந்ததிலேர்ந்து அம்மா யாருகிட்டயும் பேச மாட்றாங்க. தம்பிய தூக்க மாட்றாங்க. அழுதுகிட்டே இருக்காங்க. இப்படியே போனா தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்னு அப்பா சொல்றாரு. அனுப்பிடுவாங்களா?"

பேராக்கில் வளர்ந்த யாருக்கும் இந்த ஊர்ப் பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஈப்போவுக்கு அருகில் 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நாமோ இன்னும் அந்த ஊரை ஒரு வசைச்சொல்லாகத்தான் வைத்திருக்கிறோம். வகுப்பில் ஒருவன் கொஞ்சம் வித்தியாசமாக நடந்துகொண்டால் போதும், "இவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்பார்கள். அந்தக் கேலி ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் எவ்வளவு பெரிய பயமாக மாறியிருக்கிறது என்பதை அந்தச் சீட்டு காட்டியது.

மாணவர்களே, அந்தச் சீட்டுக்கு வகுப்பில் நான் சொன்ன பதிலும், அதன் பிறகு எனக்குத் தோன்றியவையும்தான் இந்தக் கட்டுரை.

காத்து கருப்பு அல்ல

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவு பல மடங்கு உயர்கிறது. புரோஜெஸ்ட்ரோனை அதிகம் சுரப்பது நச்சுக்கொடி. குழந்தை பிறந்து நச்சுக்கொடியும் வெளியேறியதும், ஒன்பது மாதம் உயர்ந்திருந்த அந்த அளவு ஒரு சில நாள்களில் சரிந்துவிடுகிறது. மூளையை அமைதிப்படுத்தும் ஒரு வேதிப்பொருளும் புரோஜெஸ்ட்ரோனிலிருந்துதான் உருவாகிறது. ஆகவே அதுவும் சேர்ந்து குறைகிறது. இதனால் முதல் சில நாள்களில் பல தாய்மார்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அது தானாகவே சரியாகிவிடும்.

சிலருக்குச் சரியாவதில்லை. தூக்கம் இருக்காது, பசி இருக்காது, குழந்தையின் மேல் ஒட்டுதல் வராது. "நான் ஒரு நல்ல தாயில்லை" என்ற எண்ணம் மனத்தைக் குடையும். இதற்குப் பெயர் பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் முதலிடம் மனச்சோர்வுக்கு. ஹார்மோன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வறுமை, தனிமை, தூக்கமின்மை, வீட்டில் வன்முறை, முன்பே இருந்த மனச்சோர்வு எல்லாமே ஆபத்தைக் கூட்டுகின்றன. மேலே சொன்ன வேதிப்பொருளையே மருந்தாகச் செய்து, இந்த நோய்க்கென்றே முதல்முறையாக 2019-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. எல்லாருக்கும் அந்த மருந்து தேவைப்படாது. ஆலோசனை, குடும்பத்தின் துணை, தேவைப்பட்டால் வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் ஆகியவற்றாலேயே பலர் குணமாகிறார்கள். உடலில் நடக்கும் மாற்றம் காரணமாகும்போது, அது தாயின் குற்றமும் இல்லை, பேயின் வேலையும் இல்லை.

"ஆகவே அம்மாவை யாரும் எங்கேயும் கொண்டுபோய் அடைக்கப் போவதில்லை. தாய் சேய் நல கிளினிக்கில் இருக்கும் மிஸியிடம் சொன்னால் போதும். அவர் சில கேள்விகள் கேட்பார், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார்" என்று வகுப்பில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. என் அம்மாவுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை.

லயத்தில் ஒரு காலை

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். 1994-இல் தம்பி பிறந்தபோது எனக்கு ஆறு வயது. விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் சீவப் போகும் அம்மா, தம்பி பிறந்த பிறகு லயத்து வாசற்படியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தம்பி அழுதால் காதில் விழாதது போல இருப்பார். "காத்து கருப்பு அண்டிடுச்சு" என்றார்கள். கோயிலில் கயிறு கட்டினார்கள், எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். தோட்டத்து டிரெசர் சத்து மாத்திரை கொடுத்தார்.

அம்மாவைத் தேற்றியது பக்கத்து வீட்டு அத்தை. ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர். தினமும் வந்து தம்பியைக் குளிப்பாட்டி அம்மா மடியில் வைப்பார். எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு, "வா புள்ள, குழாயடி வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று கூட்டிப்போவார். பல மாதங்கள் ஆயின. அம்மா மெல்ல மெல்ல எங்களிடம் திரும்பி வந்தார்.

தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் ஒரு வீட்டுத் துயரம் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். இன்று எங்கள் மாணவர்களில் பலர் வசிப்பது நான்காவது மாடியில், இரும்புக் கதவுக்குப் பின்னால். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது கூரையோடு சேர்த்து அந்த அத்தைகளையும் இழந்தோம். வீட்டுக்குப் பதில் வீடு கிடைத்தவர்கள் உண்டு. அத்தைக்குப் பதில் யாரும் கிடைக்கவில்லை.

உரிமை மட்டும் போதுமா?

அதே 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 12 கறுப்பினப் பெண்கள் கூடிப் பேசினார்கள். மக்கள்தொகை பற்றிய ஐ.நா. மாநாடு அந்த ஆண்டு செப்டம்பரில் கெய்ரோவில் நடக்கவிருந்த நேரம் அது. பிள்ளை பெறுவதும் பெறாததும் பெண்ணின் உரிமை என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பன்னிரண்டு பேர் கேட்டது வேறு. கிளினிக் தூரத்தில், கையில் காசில்லை, வேலைக்குப் போனால்தான் சோறு என்ற நிலையில் இருக்கும் பெண்ணுக்கு உரிமை ஏட்டில் இருந்து என்ன பயன்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த சொல்தான் 'இனப்பெருக்க நீதி'. அதற்கு மூன்று பகுதிகள். பிள்ளை பெற்றுக்கொள்ளும் உரிமை, பெற்றுக்கொள்ளாமல் இருக்கும் உரிமை, பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை.

மூன்றாவதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அதைப் புரிந்துகொள்ள சிக்காகோவுக்குப் போக வேண்டியதில்லை. நம் செம்பனைக் காட்டைப் பார்த்தாலே போதும்.

நான்காம் பாடத்தில், கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கும் காரணிகள் என்று ஒரு பகுதி உண்டு. கர்ப்பிணிகள் புகை பிடிக்கக் கூடாது, மது அருந்தக் கூடாது, போதைப்பொருளைத் தொடக் கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் இவை அனைத்தும் தாய் தானாகத் தேர்ந்தெடுப்பவை. வேலையிடத்தில் அவள் மேல் விழுவதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், என் அம்மாவைப் போல ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்களுக்குக் கிடைத்தது 'மருந்து அடிக்கும்' வேலை. களைக்கொல்லிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் மருந்து! அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். பச்சை இலையின் ஒளிச்சேர்க்கைக்குள் புகுந்து எலெக்ட்ரான்களைத் திருடி, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உருவாக்குவது அதன் வேலை. களையின் செல்லைச் சிதைக்கும் வேதிவினை மனிதத் தோலையும் நகத்தையும் நுரையீரலையும் விட்டுவைக்காது. முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு, வெயிலில், பல நேரங்களில் தகுந்த கவசமில்லாமல் அவர்கள் அதைத் தெளித்தார்கள்.

அவர்களுக்காகப் பேசியவர்களில் ஒருவர் ஐரீன் பெர்னாண்டஸ். 1946-இல் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். தொடக்கத்தில் என்னைப் போல ஒரு பள்ளி ஆசிரியை. அந்த வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர்களிடம் போனார். 1991-இல் தெனாகானித்தா அமைப்பை உருவாக்கினார். பினாங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்து தெளிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு ஒன்றைத் தெனாகானித்தா 2002-இல் வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். 2014-இல் காலமான ஐரீன் அதைப் பார்க்கவில்லை.

ஒரு வேதிப்பொருளை நிறுத்த 18 ஆண்டுகள் ஆயின. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் தோட்டத்தில் பிறந்தவர்கள் இன்று உங்களுக்கு அக்காவாகவோ அண்ணனாகவோ இருப்பார்கள். ஆய்வகத்தில் உண்மை தெரிந்துவிட்டால் மட்டும் உலகம் மாறிவிடாது. அந்த உண்மையைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாக நடக்கவும் ஆள் வேண்டும்.

டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை

"இதெல்லாம் நிபுணர்களின் வேலை, நாம் என்ன செய்ய முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். அறிவியல் அதற்கு ஒரு நல்ல பதிலை வைத்திருக்கிறது.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதி கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு இருந்த 903 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதி கிராமங்களில், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்ச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பேசும் முறையில் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்த் தாயிடம் உட்கார்ந்து பேசினார்கள். மற்ற கிராமங்களில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், ஆனால் அந்தப் பயிற்சி இல்லை. குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்து, பயிற்சி இல்லாத கிராமங்களில் 53 விழுக்காட்டுத் தாய்மார்களுக்கு மனச்சோர்வு நீடித்தது. பயிற்சி பெற்றவர்கள் போன இடங்களில் 23 விழுக்காடுதான். அங்கே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது, தடுப்பூசி போடுவதும் கூடியது. பின்னர் கோவாவில், அதே ஊர்த் தாய்மார்களையே 'சகி' என்ற பெயரில் பயிற்சி கொடுத்து அனுப்பிப் பார்த்தார்கள். பலன் இருந்தது, ஆனால் முதல் ஆய்வின் அளவுக்கு இல்லை. அறிவியல் இப்படித்தான் நடக்கும். ஒரே ஆய்வை நம்பித் துள்ளக் கூடாது.

அந்த லான்செட் கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஆயாக்கொட்டகை அத்தைதான் நினைவுக்கு வந்தார். அவர் செய்ததை முறைப்படுத்தி, அளந்து, எண்ணிக் காட்டியிருந்தார்கள்.

நம் நாடே இன்னொரு சான்று. 1957-இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 280 தாய்மார்கள் இறந்தார்கள். கோவிட் காலத்துக்கு முன் அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே வந்திருந்தது. பெரிய மருத்துவமனைகள் மட்டும் இதைச் செய்யவில்லை. கிராமத்துக் கிளினிக்குகளும், வீட்டுக்கே வந்த தாதியரும், அவர்களோடு சேர்ந்து உழைத்த பழைய மருத்துவச்சிகளும் சேர்ந்து செய்தது அது. உடலுக்கு இதைச் செய்ய முடிந்த நம்மால் மனத்துக்கும் செய்ய முடியாதா?

"பிஞ்சிலே பழுத்துவிடும்"

இதைச் சொன்னால் சில பெற்றோர் கோபப்படுகிறார்கள். "இதையெல்லாம் இப்பவே சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க பிஞ்சிலே பழுத்திடும் டீச்சர்." அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. பிள்ளையைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வருகிற பேச்சு அது. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை என்றே சொல்கிறது. 2010 முதல் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் இருக்க, மிகப் பெரும்பாலான பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஊசிக்குச் சம்மதித்தவர்கள் பாடத்துக்கும் சம்மதிக்கலாமே.

மௌனம் பிள்ளைகளைக் காப்பதில்லை. 2022-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நம் இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் பத்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் வலியையும் கறை பட்டுவிடுமோ என்ற பயத்தையும் பேச முடியாமல், மாதந்தோறும் "காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்து வீட்டில் இருக்கும் மாணவிகளை எனக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் ஐன் ஹுஸ்னிஸா என்ற 17 வயது மாணவி, வகுப்பில் பாலியல் வன்முறையைப் பற்றிக் கேலி பேசப்பட்டதாகத் துணிந்து வெளியே சொன்னார். பள்ளியைப் பாதுகாப்பான இடமாக்க வேண்டும் என்று அவர் தொடங்கிய இயக்கம் நாடு முழுவதும் பரவியது. மாதவிடாய் வந்திருக்கிறதா என்று பள்ளிகளில் சோதித்துப் பார்த்த அவமானத்தைப் பற்றியும் அந்த நேரத்தில் பல பெண்கள் பேசத் தொடங்கினார்கள். பாடம் தொடத் தயங்கியதை ஒரு மாணவி தொட்டார்.

நானும் இதில் குற்றவாளிதான். ஆசிரியர் பயிற்சியில் நரம்பு மண்டலத்தைக் கற்பிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். 'மாதவிடாய்' என்ற சொல்லை நாற்பது பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் முதல் மூன்று ஆண்டுகளில் நான்காம் பாடத்தின் பாதியை, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தாண்டிப் போனேன். அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை சீட்டுகள் எழுதப்படாமலே போயின என்பதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களே, அந்தப் பாடத்தைத் தாண்ட வேண்டாம். பையன்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தவும் வேண்டாம். நாளைக்கு மனைவி வாசற்படியில் அழுதுகொண்டு உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயில் நிர்வாகத்தினரே, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தினரே, ஒவ்வொரு புளோக்கிலும் இரண்டு அக்காமார்களைத் தேர்ந்தெடுங்கள். சுகாதாரக் கிளினிக்கில் இருக்கும் மிஸியை அழைத்து அவர்களுக்குப் பேசச் சொல்லுங்கள். ஈப்போவில் 2003-இல் தொடங்கிய பேராக் மகளிருக்கான மகளிர் சங்கமும், பிரண்டர்ஸ் அமைப்பும் ஆலோசனைப் பணி செய்து வருகின்றன. இழந்த அத்தைகளை நாம்தான் மறுபடியும் உருவாக்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு மூன்று சொல்கிறேன். முதலாவது, இனி யாரையும் தஞ்சோங் ரம்புத்தான் என்று கேலி செய்யாதீர்கள். இரண்டாவது, நண்பர் மனம் திறந்தால் அறிவுரை சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள். மூன்றாவது, அவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தோன்றினால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்தச் சுமை உங்கள் வயதுக்குப் பெரிது. நம்பிக்கையான ஆசிரியரிடமோ பெரியவரிடமோ உடனே சொல்லுங்கள். நானும் அப்படி ரகசியம் காக்க முடியாது என்று என் மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை நீக்க 2023 மே மாதம் மக்களவை ஒப்புதல் அளித்தது. உதவி கேட்டால் போலீஸ் வந்துவிடும் என்று இனி யாரும் பயப்பட வேண்டாம். தாலியான் காசே 15999, மனநல உதவி எண் 15555, பிரண்டர்ஸ் 03-76272929. இந்த எண்களைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவைப்படலாம்.

சீட்டு எழுதியது யார் என்று நான் தேடவில்லை. இரண்டு வாரம் கழித்து, வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை மெதுவாக என் மேசைப் பக்கம் வந்து நின்றது. "டீச்சர், பாட்டிகிட்ட சொன்னேன். பாட்டி அம்மாவ கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மிஸி நல்லா பேசினாங்களாம். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க." அவ்வளவுதான். அம்மா குணமாகிவிட்டார் என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. அதற்கு இன்னும் மாதங்கள் ஆகலாம்.

ஆனால் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. மைலோ டின் இன்னும் அறிவியல் கூடத்தில்தான் இருக்கிறது. உங்கள் பள்ளியிலும் ஒன்று வைக்கச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.